பாப்பா, ஆழத்தைப் பார்க்காதே, கதவைப் பார்

பாப்பா, நேற்று நீ போன் போட்டபோது நான் மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "அக்கா, ரெண்டு கேமரா காட்டுதாங்க. ஒண்ணு பதினஞ்சு மீட்டர் ஆழம் தாங்குமாம், இன்னொண்ணு முப்பது மீட்டராம். முப்பதையே வாங்கிரட்டுமா?" என்றாய். "வாங்காத, எழுதி அனுப்புதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உதவித்தொகையைச் சேர்த்துச் சேர்த்து வைத்த பணம் அது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி உன்னை மாட்டிவிட எனக்கு மனசில்லை. உன்னைப் போலக் கடலுக்கும் காயலுக்கும் புதிதாக வேலைக்கு வருகிற தங்கச்சிகள் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நீ வரப்போகிற இடத்தைப் பார். வைப்பின் என்பது ஒரு பக்கம் அரபிக்கடலும் மறுபக்கம் காயலுமாக, நடுவில் ஒடுங்கி நீளும் தீவு. ஃபோர்ட் கொச்சிக்கு எதிரே உள்ள அழிமுகத்தில் தொடங்கி வடக்கே முனம்பம் வரை 25 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொண்டுவந்து தள்ளிய மணலும் வண்டலும்தான் இந்தத் தீவு என்று இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த வருஷத்தை முதலாக வைத்து 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கே இருந்திருக்கிறது. வைப்பு என்றால் நமக்கும் புரிகிற சொல்தானே, தண்ணீர் கொண்டுவந்து வைத்த மண். உன் கேமராவுக்கு எமனாக வரப்போவதும் அந்த மண்தான்.

ஆய்வுக்காக நீ நிற்கப்போவது பொக்காளி நெல்வயலில். ஜூன் மாத மழை உப்பைக் கழுவிவிட்ட பிறகு மண்ணைக் கூம்பு கூம்பாகக் கூட்டி அதன் மேல் விதைப்பார்கள். பயிர் ஆள் உயரம் வளரும். அக்டோபர் கடைசியில் அறுப்பு வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று பெண்கள் கதிரை மட்டும் அறுத்தெடுப்பார்கள். நவம்பர் பாதியிலிருந்து விஷு வரைக்கும் அதே வயலில் தூம்பைத் திறந்து உப்புத் தண்ணீரை விட்டு இறால் வளர்ப்பு. இதில் முப்பது மீட்டர் ஆழத்துக்கு வேலை எங்கே இருக்கிறது? உனக்கு மூன்றடி தண்ணீரும் முழங்கால் சேறும்தான். காயல் தண்ணீருக்குள் கையை முழங்கை வரை விட்டால் உன் விரலே உனக்குத் தெரியாது. பத்து மீட்டர் என்று எழுதியிருந்தாலே நமக்குத் தாராளம்.

கொச்சியில் கடல் உணவு ஏற்றுமதித் தொழிலில் தரம் பார்க்கிற வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. காளமுக்கு, முனம்பம் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய் வந்திறங்கும் மீனைப் படம் எடுப்பது அதில் ஒரு பகுதி. ஐஸ், உப்புத்தண்ணீர், செதில், குளோரின் எல்லாம் பட்டுப் பட்டு எத்தனையோ கேமராக்கள் கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டேன். ஆழத்தில் போய்க் கெட்டுப்போனதாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் தண்ணீர் நுழைந்த வாசல் ஒன்றுதான். பேட்டரியும் கார்டும் போடுகிற அந்தச் சின்னக் கதவு.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 2014 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மா இங்கே வந்திருந்தாள் இல்லையா, அப்போது உனக்குப் பரீட்சை. அம்மாவைச் செறாய் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். தாமிரபரணியில் முங்கிக் குளித்தே பழகிய அம்மா, அலை காலில் பட்டதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றாள். எடுத்து எடுத்துக் கார்டு நிறைந்துவிட்டது. நான் மணலில் உட்கார்ந்து, மணல் ஒட்டிய கையோடு கதவைத் திறந்து வேறு கார்டு போட்டு மூடினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது, பூட்டிவிட்டது என்று நினைத்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் கோடு கோடாக வந்தது, லென்ஸுக்குள் பனி படர்ந்தது, பிறகு உயிரே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து விளக்கடியில் பார்த்தேன். உள்விளிம்பில் ஓடுகிற கறுப்பு ரப்பர் வளையத்தின் மேல் ஒரே ஒரு மணல். கடுகில் கால்வாசி இருக்கும். அதை நகத்தால் எடுத்த பிறகும் ரப்பரில் அது அழுந்திய குழி தெரிந்தது. அந்தக் குழிக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி, கடல் உள்ளே வரப் போதுமாக இருந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கழற்றி வைத்திருந்த பழைய கார்டில் அம்மாவின் படங்கள் இருந்தன. புதிய கார்டையும் நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன், அதுவும் படித்தது. கேமரா போனாலும் கார்டு பிழைப்பதுண்டு, அதனால் நனைந்த கார்டை எப்போதும் தூக்கிப் போட்டுவிடாதே.

அதனால்தான் சொல்கிறேன், கடையில் கேமராவைக் கையில் கொடுத்ததும் முதலில் கதவைத் திற. இரட்டைப் பூட்டு இருக்கிறதா பார். ஒரு குமிழைத் தள்ளினால் மட்டும் திறப்பது நமக்கு ஆகாது, பையில் உரசியே திறந்துகொள்ளும். ஒன்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை நகர்த்தினால்தான் திறக்க வேண்டும். ரப்பர் வளையம் தடிமனாக, விரலால் தொட்டால் மெத்தென்று, எங்கும் வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். கதவின் கீல் ஆடக் கூடாது. ஒன்றுக்கு இரண்டு கதவு இருந்தால் இரண்டையும் இப்படியே பார். கதவு குறைவாக இருப்பது நல்லது.

அடுத்து யோசிக்க வேண்டியது, அந்தக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பாய் என்பது. இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு கேமரா எத்தனை வருஷம் உழைக்கும் என்பது இதில்தான் இருக்கிறது. நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி என்றால் வயலில் திறக்க வேண்டாம். பெரிய கார்டு போட்டால் திறக்க வேண்டாம். வைஃபை இருந்தால் படத்தை போனுக்கு அப்படியே இறக்கிக்கொள்ளலாம், அதற்கும் திறக்க வேண்டாம். 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி தின்றுவிடும், ஆகவே 64 ஜிபிக்குக் குறைந்து கார்டு வாங்காதே. காலையில் வீட்டில், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டுத் திற. முழு சார்ஜ் பேட்டரி, காலியான கார்டு, மூடு. சாயங்காலம் வீடு வந்து கழுவித் துடைத்த பிறகுதான் மறுபடி திறக்கலாம்.

கேமராவுக்குள்ளேயே ஒயரைச் சொருகி சார்ஜ் போடுகிற மாதிரிதான் இப்போது நிறைய வருகிறது. ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு மேஜையில் போட்டு வைத்தால், போர்வைப் பஞ்சும் தலைமுடியும் ரப்பரில் வந்து உட்காரும். தனி சார்ஜர் ஒன்றும் கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்கிவிடு. அந்தச் செலவைக் கேமரா விலையோடு சேர்த்தே கணக்குப் போடு. பேட்டரி கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். மலிவுப் பேட்டரி வீங்கினால் வெளியே எடுக்கவே முடியாமல் போய்விடும்.

இனி அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள். ஐபி68 என்று போட்டிருந்தால் முதல் எண் தூசிக்கு, அதில் 6தான் உச்சம். இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கூடுதல், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே குறிப்பிட வேண்டும். 5ம் 6ம் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கான சோதனைகள். இதில் நிறையப் பேர் ஏமாறுவது எங்கே தெரியுமா? 8 இருந்தால் 6ஐயும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அமைதியாக நிற்கும் தண்ணீரில் முக்கி வைப்பது வேறு, துறைமுகத்தில் தரையைக் கழுவுகிற ஹோஸ் தண்ணீர் வேறு. குழாயை வேகமாகத் திறந்து அதற்கடியில் கேமராவைக் காட்டாதே. கேமராவோடு தண்ணீரில் குதிக்கவும் குதிக்காதே.

விழுகிற உயரமும் அப்படித்தான். 2 மீட்டர் என்று போட்டிருப்பது ஒட்டுப்பலகை மேல் போட்டுப் பார்த்த கணக்கு. வண்டிகளை ஏற்றிப்போகும் நம் ரோ-ரோ படகின் தளம் இரும்புத் தகடு, ஜெட்டியில் கருங்கல். கேமரா விழுந்தும் படம் எடுக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அப்படியே தண்ணீரில் இறக்கிவிடாதே. உடம்பு லேசாக நெளிந்திருந்தாலும் கதவு சரியாகப் பொருந்தாது. விழுந்த அன்றைக்கு வீட்டில் வாளிச் சோதனை செய்துவிட்டுத்தான் மறுபடி வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சோதனையைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். என் கையில் இருப்பது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2012இல் டிஜி-1இல் தொடங்கிய வரிசை அது. டிஜி-6 2019இல் வந்தது. ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலை 2021இல் கைமாற்றிவிட்டதால், 2023இல் வந்த டிஜி-7 'ஓஎம் சிஸ்டம்' என்ற பெயரில் இருக்கும், வேறு வரிசையோ என்று பயந்துவிடாதே. இரண்டுமே 15 மீட்டர் தண்ணீர், 2.1 மீட்டர் விழுதல், மைனஸ் 10 டிகிரி குளிர் தாங்குபவை. எடை கால் கிலோ. 12 மெகாபிக்சல்தான் என்று முகம் சுளிக்காதே. இவ்வளவு சின்ன சென்சாரில் மெகாபிக்சலைக் கூட்டினால் மழை இருட்டில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். நீ பார்க்க வேண்டியது லென்ஸின் எஃப் எண். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். டிஜி-6இல் அது 2.0. நம் ஊர் வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாக எடுக்கும். இங்கே ஜூனில் தொடங்குகிற மழை, பகல் பதினொரு மணியையும் சாயங்காலம் ஆறு மணி மாதிரி ஆக்கிவிடும். அப்போதுதான் இந்த எண்ணின் அருமை தெரியும்.

இன்னொரு காரணத்துக்காகவும் உனக்கு இந்த வரிசையைச் சொல்கிறேன். லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் பக்கத்தில் இருப்பதைக்கூட இது தெளிவாக எடுக்கும். நெல்மணியின் மேலுள்ள மயிர், தூம்பு வலையில் சிக்கிய இறால் குஞ்சின் கண், நண்டின் காலில் ஒட்டியிருக்கும் பாசி எல்லாமே உன் ஆய்வுக்கு வேண்டியவை. போன வாரம் ஒரு நாரன் இறாலின் வால் நுனியை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், விசிறி மடிப்பில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. போனில் எடுத்த படத்தில் அது வெறும் பழுப்புத் திட்டாகத்தான் இருந்தது.

கையில் பணம் குறைவென்றால் ரிக்கோ டபிள்யூஜி-80ஐப் பார். 2022இல் வந்தது. 14 மீட்டர் தண்ணீர், 1.6 மீட்டர் விழுதல். லென்ஸைச் சுற்றி ஆறு குட்டி எல்இடி விளக்குகள் வட்டமாக இருக்கும், பக்கத்தில் வைத்து எடுக்கும்போது கேமராவின் நிழல் விழாது. வீடியோ 4கே கிடையாது, மழை இருட்டில் டிஜி அளவுக்கு வராது. ஆனால் பதிவுக்குப் படம் எடுக்கிற வேலைக்கு நம்பி வாங்கலாம்.

உனக்குக் கடையில் காட்டிய முப்பது மீட்டர் கேமரா எது என்று நீ பெயர் சொல்லவில்லை. நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 30 மீட்டர் தாங்கும், அது 2017இல் வந்தது. பானசோனிக் எஃப்டி7 31 மீட்டர், 2018. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்பி140 25 மீட்டர், 2019. எல்லாமே நல்ல கேமராக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்தைக் கவனி. இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்த ரப்பர் வளையம் புதுசு போலவா இருக்கும்? ரப்பர் சும்மா இருந்தாலும் காய்ந்து இறுகும். வருஷத்துக்கு ஒரு தடவை வளையத்தை மாற்றச் சொல்லித் தயாரிப்பவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேள். "இது எந்த வருஷத்துச் சரக்கு? வளையம் மாற்ற வேண்டுமானால் எங்கே, எத்தனை நாளில் ஆகும்?" இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்தக் கேமராவை வைத்துவிட்டு வா. வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி என்றால் வாரண்டி அட்டையில் இந்தியா என்று இருக்கிறதா பார்த்து, ஜிஎஸ்டி பில்லைக் கையோடு வாங்கிக்கொள்.

"என் போனே ஐபி68தான் அக்கா" என்று நீ சொல்வாய், தெரியும். அதில் உன் யுபிஐ இருக்கிறது, ஆதார் இருக்கிறது, கைடின் நம்பர் இருக்கிறது. சேற்றில் நழுவினால் எல்லாமே சேர்ந்து போகும். போன் கம்பெனிகள் சோதிப்பது நல்ல தண்ணீரில், நீ இறங்கப்போவது உப்புத் தண்ணீரில். ஈர விரலுக்குத் தொடுதிரை சொன்னபடி கேட்காது. வள்ளத்தில் போகிற சேட்டன்மார் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார்கள். அது பேசுவதற்குச் சரி, படம் எடுப்பதற்கு அந்த உறை பால் படிந்த கண்ணாடி மாதிரி.

கோப்ரோ மாதிரியான ஆக்‌ஷன் கேமராக்கள் உறை இல்லாமலே 10 மீட்டர் தாங்கும், நெற்றியில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். வலை இழுப்பதை வீடியோ எடுக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் இறால் குஞ்சை எடுக்கக் கேட்டால் அதனால் முடியாது. மிகப் பக்கத்தில் இருப்பது கலங்கும், எல்லாவற்றையும் அகலமாகக் காட்டும். உனக்கு வேண்டாம்.

கடையில் இன்னும் சிலதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீண்டு வரக் கூடாது, எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே நடக்க வேண்டும். லென்ஸ் ஓரமாக இருந்தால் உன் இடதுகை விரல் படத்தில் விழுகிறதா பார். பொத்தான்கள் பெரிதாக, அழுத்தினால் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நான் கையுறை போட்டுக்கொண்டு அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்கு வெளியே எடுத்துப்போய் வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்க்கச் சம்மதிக்க மாட்டார்கள், வாசல் வெளிச்சத்திலாவது நின்று பார். எர்ணாகுளம் மேனகையில் வாங்குவதானால் நானும் கூட வருகிறேன், தனியாகப் போகாதே.

கறுப்பு வாங்காதே. சேற்றில் விழுந்தால் கறுப்பைத் தேடவே முடியாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எதுவானாலும் சரி. இந்தக் கேமராக்கள் எல்லாம் தண்ணீரில் மூழ்கும், மிதக்காது. பஞ்சு வைத்த மிதவை வார் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கு. வாங்கிய அன்றே வாளியில் போட்டு, உன் கேமராவின் எடையை அது தூக்குகிறதா பார். வயலில் மணிக்கட்டில், படகில் கழுத்தில். கையில் வெறுமனே பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கவே நடக்காதே.

வாளிச் சோதனை இதுதான். புதுசானாலும் பழசானாலும் பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்துவிடு. அந்த இடத்தில் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை மடித்து வை, ரப்பரில் படக் கூடாது. கதவைப் பூட்டி ஒரு வாளி நல்ல தண்ணீரில் மெதுவாக இறக்கு. முதல் நிமிஷம் கதவோரத்தைக் கண்ணெடுக்காமல் பார். ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு குமிழி எழுந்து நின்றுவிட்டால் கவலையில்லை. ஒரே இடத்திலிருந்து வரிசையாக எழுந்தால் உடனே வெளியே எடு. அரை மணி நேரம் கழித்து எடுத்து, துடைத்து, கதவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திற. காகிதம் மொரமொரவென்று இருந்தால் நீ நிம்மதியாக வயலுக்குப் போகலாம். ஓரம் நனைந்திருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடு. பேட்டரி உள்ளே இல்லாததால் கேமராவுக்கு அவ்வளவு எளிதில் கேடு வராது.

பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒன்று. பேட்டரி உட்காரும் குழியின் அடியில் தங்க நிறத் தகடுகள் இருக்கும். டார்ச் அடித்துப் பார். அதில் பச்சை பூத்திருந்தாலோ வெள்ளையாகப் பொடி இருந்தாலோ அந்தக் கேமரா ஒரு தடவை கடல் தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி அன்றாடப் பராமரிப்பு. இதில் நான் கறாராக இருப்பேன், நீ முணுமுணுக்கக் கூடாது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்ததும் அது படிகமாகிப் பொத்தான் இடுக்கிலும் கதவோரத்திலும் உட்கார்ந்துகொள்ளும், அது கிட்டத்தட்ட மணல்தான். அதனால் காய விடக் கூடாது. வயலிலிருந்து கரையேறியதுமே பாட்டில் தண்ணீரை மேலே ஊற்று. வீட்டுக்கு வந்ததும் கதவு பூட்டியபடியே வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போடு. ஊறும்போது ஒவ்வொரு பொத்தானையும் நாலைந்து தடவை அழுத்து, அடியில் இருக்கும் உப்பு கரைந்து வரும். சேறு இருந்தால் பிரஷ் போட்டுத் தேய்க்காதே, விரலாலேயே கழுவு. எடுத்து உதறி, மைக் ஓட்டைகள் கீழே பார்க்கும்படி துண்டின் மேல் வை. அந்த ஓட்டையில் தண்ணீர் நின்றால் வீடியோவில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், காய்ந்ததும் சரியாகிவிடும். ஊசியால் குத்தாதே. வெயிலில் காயப் போடாதே, ஹேர் டிரையரும் கூடாது.

முழுக்கக் காய்ந்த பிறகு கதவைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பார். எனக்கு அத்தானின் பழைய வேட்டித் துணிதான், நூல் பிரியாத நடுப்பகுதியில் வெட்டி வைத்திருக்கிறேன். அதை விரலில் சுற்றி வளையத்தை ஒரு சுற்று துடைப்பேன், கதவு வந்து பொருந்துகிற எதிர்ப்பக்கத்தையும் ஒரு சுற்று. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு தலைமுடி கிடந்தாலும் போதும், தண்ணீருக்கு அது பாலம். அந்தக் காலத்தில் ஆழ்கடல் கேமராக்களில் வளையத்துக்கு கிரீஸ் தடவுவார்கள். பிரான்ஸில் வந்த கலிப்ஸோவும், அதையே நிக்கான் 1963இலிருந்து நிக்கோனோஸ் என்று செய்ததும் அப்படிப்பட்டவை. அதைப் படித்துவிட்டு யாராவது உன்னிடம் கிரீஸ் தடவச் சொன்னால் கேட்காதே. இந்தப் பாக்கெட் கேமராக்களின் வளையம் வேறு வகை, கையேட்டில் சொல்லாத எதையும் தடவக் கூடாது. கிரீஸில் மணல் இன்னும் நன்றாக ஒட்டும்.

லென்ஸுக்குள் பனி படர்வது தனி விஷயம், அதை நீர்க்கசிவு என்று நினைத்துப் பதறாதே. காற்றோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம், கேமரா திடீரென்று குளிரும்போது கண்ணாடியில் வியர்க்கிறது. வரப்பில் வெயிலில் சுட்டுக் கிடந்த கேமராவைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் இது நடக்கும். அதோடு உள்ளிருக்கும் சூடான காற்று சுருங்கும்போது வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும், வளையத்துக்கு அது கூடுதல் பாரம். வெயிலில் போட்டு வைக்காதே, ஈரத் துண்டுக்கடியில் வை. முடிந்தால் கதவை ஏசி அறையில் திறந்து மூடு. உள்ளே மாட்டுகிற காற்று வறண்டதாக இருக்கும். எங்கள் குளிர்பதனக் கிடங்கு மைனஸ் 18, கேமராவுக்கு எல்லை மைனஸ் 10. நான் அதை உள்ளே கொண்டுபோவதே இல்லை.

மழைக்காலத்தில் இங்கே செருப்பிலும் தோல் பையிலும் பூசணம் பூக்கும், லென்ஸையும் அது விடாது. கேமராவைத் துணிப் பையில் சுற்றி அலமாரியில் வைத்துவிடாதே. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, அடியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அதில் வை. ஆரஞ்சு நிற மணிகளாக வாங்கு. ஈரம் குடித்தால் பச்சையாகிவிடும், இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதே, அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்கி வை. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்க மாட்டாய் என்றால் பேட்டரியைக் கழற்றி வை.

இவ்வளவு பார்த்தும் தண்ணீர் புகுந்துவிட்டால்? ஆன் ஆகிறதா என்று அழுத்திப் பார்க்காதே. எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் ஓடினால் தகடுகளை நிமிஷத்தில் அரித்துவிடும். பேட்டரியைக் கழற்று, கார்டைக் கழற்று, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடு. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அரிசி உப்பை எடுக்காது, தூசியைத்தான் கொடுக்கும்.

பெட்டியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் பில்லையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு. கேமராவின் முதல் படமாக ஒரு வெள்ளைக் காகிதத்தில் உன் பெயரும் என் நம்பரும் எழுதி எடுத்து, அழிக்காமல் கார்டிலேயே வைத்திரு. 2018இல் ரோ-ரோ வந்த பிறகு ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே வண்டியும் ஆளுமாக எப்போதும் நெரிசல்தான், ஆனால் அங்கே தவறவிட்ட பொருளைக் கண்டெடுத்தால், பேர் தெரிந்தால் கொண்டுவந்து கொடுக்கிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பர்ஸ் அப்படித் திரும்பி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு. மேனகையில் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் வாங்கிவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மொட்டை மாடியில் வாளி தயாராக இருக்கும். டிஷ்யூ காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன், அத்தானின் வேட்டித் துணியில் உனக்கும் நாலு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.